சல்லடையின் கண்கள்

நம்மிடையே ஒரு வாக்கியம் வெகு நாட்களாகப் புழங்கி வருகிறது. ஒரு கவிதையைப் பற்றியோ நாவலைப் பற்றியோ சர்ச்சை முற்றி, இரு தரப்பும் களைத்துப்போகும் நேரத்தில் யாராவது ஒருவர் அதைச் சொல்லி முடித்து வைக்கிறார்: ‘காலம் தீர்ப்புச் சொல்லும்.’ காலம் ஒரு சல்லடை, மணி தங்கும், தூசி உதிர்ந்துவிடும் என்பது இதன் உட்கிடை. சொல்பவருக்கு இதில் ஒரு தன்னடக்கமும் கேட்பவருக்கு ஒரு ஆறுதலும் கிடைத்துவிடுவதால் யாரும் இதை மேற்கொண்டு சோதித்துப் பார்ப்பதில்லை.

எனக்கு இந்த வாக்கியத்தில் நம்பிக்கையில்லை. காரணம் இலக்கியச் சரித்திரத்திலிருந்து மட்டும் வருவதல்ல. காலம் விசாரித்து முடித்த வழக்குகளிலேயே மிகப் பெரியது ஒன்று உண்டு. அதன் தஸ்தாவேஜுகள் பாறைகளில் கிடக்கின்றன. பூமியில் இதுவரை தோன்றிய ஜீவ இனங்களில் 99 சதவீதத்துக்கு மேல் இன்று இல்லை என்பது பொதுவான கணிப்பு. இவ்வளவு பெரிய வழக்கில் தீர்ப்புகள் எந்த நியாயத்தின் பேரில் வழங்கப்பட்டன என்று பார்ப்பது, காலத்தை நீதிபதியாக்கி உட்கார வைத்திருக்கும் நமக்கு மிகவும் அவசியமான காரியம் என்று நினைக்கிறேன்.

முதலில், ஒரு இனம் முற்றாக அற்றுப்போகும் என்ற எண்ணமே மனிதனுக்குப் புதியது. 1796இல் பாரிஸில் க்யூவியே என்ற இளைஞர் யானைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சைபீரியாவில் கிடைத்த மாமத்தின் எலும்புகள் இந்திய யானையுடையவையும் அல்ல, ஆப்பிரிக்க யானையுடையவையும் அல்ல. அது வேறு இனம். அந்த இனம் இன்று எங்கும் இல்லை என்று அவர் நிறுவினார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஜெஃபர்ஸன், தான் சிருஷ்டித்த எந்த இனத்தையும் இயற்கை அழியவிட்டதில்லை என்ற நம்பிக்கையில் இருந்தார். மேற்கே யாரும் போகாத காடுகளில் அந்தப் பெரிய மிருகம் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கலாம் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஓர் இனம் இல்லாமல் போகும் என்பதை ஒப்புக்கொண்டால் சிருஷ்டியின் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துவிடுகிறது. பயம் அங்கே இருந்தது.

க்யூவியே பாறை அடுக்குகளில் கண்டது திடீர் முறிவுகளை. ஒரு அடுக்கில் இருக்கும் ஜீவராசிகள் அதற்கு மேலடுக்கில் இல்லை. ஆகவே பூமி பல பிரளயங்களைக் கண்டது என்றார். இங்கிலாந்தில் லயெல் 1830லிருந்து 1833 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட தன் நூலில் இதை மறுத்தார். இன்று நம் கண் முன்னால் வேலை செய்யும் மழையும் ஆறும் எரிமலையும் போதும். கால அவகாசத்தை மட்டும் கொடுங்கள், எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்பது அவர் வாதம். தட்பவெப்பச் சக்கரம் திரும்பினால் இகுவானடான் மீண்டும் காடுகளில் தோன்றலாம் என்று எழுதும் அளவுக்கு அவர் போனார். டார்வின் லயெலின் வாரிசு. 1859இல் அவர் சொன்னது: புதிய இனம் ஏதோ ஒரு அனுகூலத்தோடு வருகிறது, பழையதைச் சிறுகச் சிறுக இடம்பெயர்க்கிறது. அம்மோனைட்டுகளின் முடிவு ஆச்சரியப்படும் அளவுக்குத் திடீரென்று நேர்ந்ததாகத் தெரிகிறது என்பதை அவரும் கவனித்திருந்தார். ஆனால் பாறைச் சாசனம் பக்கங்கள் கிழிந்த புத்தகம். திடீர் என்று தெரிவது கிழிந்த பக்கங்களின் விளைவு என்று அவர் கருதினார்.

இந்த விளக்கத்தோடு ஒரு தார்மீகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அழிந்தது தகுதியற்றது. மூளை சிறுத்தது, உடல் பெருத்தது, மாற்றத்துக்கு இசையாதது. ‘டைனோசர்’ என்ற சொல் வசைச்சொல்லாக வழக்கில் வந்ததன் பின்னணி இது. 13 கோடி ஆண்டுகளுக்கு மேல் நிலத்தை ஆண்ட ஒரு வம்சத்தை, நேற்று வந்த நாம் தோல்விக்கு உதாரணமாகச் சொல்கிறோம்.

நம் மரபின் பார்வை இதற்கு நேர்மாறானது, ஆனால் அதே அளவு வசதியானது. தமிழ் இலக்கியச் சரித்திரம் ஒரு பேரழிவுக் கதையோடுதான் தொடங்குகிறது. இறையனார் களவியல் உரை, முதற்சங்கத்தையும் இடைச்சங்கத்தையும் கடலுக்குக் கொடுத்துவிடுகிறது. கடல் கொண்ட நூல்கள் அத்தனையும் மகத்தானவை என்பதில் நமக்குச் சந்தேகம் வருவதே இல்லை. எஞ்சியது சிறந்தது என்பது ஒரு மூடநம்பிக்கை என்றால், இழந்தது அதைவிடச் சிறந்தது என்பது இன்னொன்று. இரண்டிலும் அழிவுக்கும் மதிப்புக்கும் ஒரு முடிச்சு போடப்படுகிறது. அந்த முடிச்சு பாறைகளில் இருக்கிறதா என்பதே கேள்வி.

1970களில் வால்டர் அல்வாரெஸ் என்ற நிலவியலாளர் இத்தாலியில் குப்பியோ என்ற ஊருக்கு அருகே சுண்ணாம்புப் பாறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிரெட்டேஷியஸ் யுகம் முடிகிற இடத்தில், கீழே ஜீவன்களின் நுண்ணிய ஓடுகள் நிறைந்த பாறை. மேலே அவை அநேகமாக இல்லாத பாறை. நடுவே சுமார் ஒரு செ.மீ. தடிமனில் ஒரு களிமண் ஏடு. இந்த ஏடு படிவதற்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அவருடைய தந்தை லூயிஸ் அல்வாரெஸ் 1968இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். விண்ணிலிருந்து ஓயாமல் உதிரும் தூசியில் இரிடியம் என்ற உலோகம் உண்டு, பூமியின் மேலோட்டில் அது மிக அரிது. ஆகவே களிமண்ணில் உள்ள இரிடியத்தை அளந்தால் கடிகாரமாகப் பயன்படுத்தலாம் என்பது தந்தையின் யோசனை. ஃப்ராங்க் அஸாரோவும் ஹெலன் மிஷலும் அளந்தார்கள். இருக்க வேண்டியதைப்போல் சுமார் 30 மடங்கு இருந்தது. டென்மார்க்கின் கரையிலிருந்து எடுத்த களிமண்ணில் சுமார் 160 மடங்கு. கடிகாரத்தைத் தேடப்போய் கொலைக்கருவி கிடைத்தது. சுமார் 10 கி.மீ. குறுக்களவுள்ள ஒரு விண்கல் பூமியில் மோதியது என்று 1980இல் இந்த நால்வரும் அறிவித்தார்கள். மெக்ஸிகோவின் யுகடான் கரையில், சிக்சுலுப் என்ற ஊரை மையமாகக் கொண்டு, பாறைப் படிவுகளுக்கு அடியில் புதைந்திருக்கும் சுமார் 180 கி.மீ. அகலப் பள்ளம் அந்த மோதலின் வடு என்பது 1991இல் நிறுவப்பட்டது. காலம், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

நிலவியலாளர்களில் பலர் இதை எளிதில் ஏற்கவில்லை. லயெலின் பிள்ளைகளுக்கு வானத்திலிருந்து விழும் காரணம் விஞ்ஞானமாகப் படவில்லை, புராணமாகப் பட்டது. அவர்கள் கையில் ஒரு நல்ல ஆட்சேபணையும் இருந்தது. ஸ்பெயினின் வடகரையில் சுமாயா என்ற இடத்தில் பீட்டர் வார்ட் அம்மோனைட்டுகளைத் தேடினார். எல்லைக் களிமண்ணுக்குப் பல மீட்டர் கீழேயே அவை நின்றுபோயிருந்தன. கல் விழுவதற்கு முன்பே இவை போய்விட்டன என்று ஆகிறது. ஆனால் 1982இல் சிக்னரும் லிப்ஸும் ஒரு எளிய விஷயத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். அரிதாகக் கிடைக்கும் ஒரு ஜீவனின் கடைசிப் பிரதி நம் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய அசாத்தியம். நமக்குக் கிடைக்கும் ‘கடைசி’ எப்போதும் உண்மையான கடைசிக்கு முந்தியது. ஆகவே ஒரே நாளில் நேர்ந்த சாவுகூடப் பாறையில் படிப்படியான தேய்வாகவே காட்சி தரும். வார்ட் பக்கத்து விரிகுடாக்களிலும், எல்லை தாண்டி பிரான்ஸின் ஆந்தாய் கரையிலும் மீண்டும் தேடினார். அங்கே எல்லைக் களிமண்ணுக்கு வெகு அருகில் வரை அம்மோனைட்டுகள் கிடைத்தன. இல்லாமையை வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கிழிந்த பக்கம் திடீர் முடிவைப் பொய்யாக உண்டாக்கும் என்று டார்வின் நினைத்தார். அது திடீர் முடிவை மறைக்கவும் செய்யும் என்பது அதற்குப் பிறகு 100 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தெரிந்தது.

இந்த அம்மோனைட் நமக்கு அந்நியமானதல்ல. பூஜை அறையில் துளசியோடு இருக்கும் சாளக்கிராமம், கண்டகி நதி அடித்துக்கொண்டு வரும் அம்மோனைட் கல்தான். சக்கரம் என்று நாம் வணங்குவது அந்த ஜீவன் வாழ்ந்த ஓட்டின் சுருள். காரை அருகே மழை அரித்த களிமண் பள்ளங்களில் நான் நடந்திருக்கிறேன். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடலின் அடித்தரை அது. பெலம்னைட் என்ற கணவாய் வம்சத்துக் குச்சிகள் சாக்பீஸ் துண்டுகள்போல் காலில் இடறுகின்றன. அந்தக் கடல் விட்டுச்சென்ற அரியலூர்ப் பாறைகளின் ஜீவ எச்சங்களை 1860களிலேயே ஸ்டோலிச்கா விரிவாக வர்ணித்து எழுதினார். அங்கே பாறை அடுக்கில் மேலே ஏறி, கிரெட்டேஷியஸைக் கடந்து நினியூர் சுண்ணாம்புக் கல்லுக்கு வந்தால் அம்மோனைட் இல்லை. ஆனால் அதன் தூரத்து உறவான நாட்டிலஸ் வம்சத்தின் ஓடு அங்கே கிடைக்கிறது.

ஒன்று போயிற்று, இன்னொன்று இருந்தது. ஏன்? தகுதிக் கணக்குப் பார்த்தால் அம்மோனைட்டுக்கே வெற்றி கிடைத்திருக்க வேண்டும். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய வம்சம். மூன்று பேரழிவுகளை நூலிழையில் தப்பி, ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான வடிவங்களாகப் பெருகியது. அதன் பக்கத்தில் நாட்டிலஸ் சில வகைகளே கொண்ட, மந்தமான, பழைய பாணி ஜீவன். வித்தியாசம் குஞ்சு பொரிப்பதில் இருந்தது என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். அம்மோனைட்டின் குஞ்சு சுமார் ஒரு மில்லிமீட்டர். எண்ணற்றதாகப் பொரிந்து கடலின் மேற்பரப்பில் மிதந்து, அங்குள்ள நுண்ணுயிர்களைத் தின்று வளர்ந்தது. நாட்டிலஸ் இடுவது சில பெரிய முட்டைகள். குஞ்சு வெளிவர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அது வாழ்வதும் ஆழத்தில். கல் விழுந்தபோது யுகடான் பாறைகளில் இருந்த கந்தகமும், எழுந்த புகையும் தூசியும் சூரியனை மறைத்தன. மேற்பரப்பில் மிதந்த பச்சை உயிர் பட்டது; மேல்நீர் அமிலமாகியது. அங்கே மிதந்துகொண்டிருந்த ஃபொராமினிஃபெரா இனங்களில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. அம்மோனைட்டின் குஞ்சுகளும் அந்த மேல்நீரில்தான் இருந்தன. எந்தக் குணம் அதைப் பல கோடி ஆண்டுகள் வாழவைத்ததோ அதுவே அந்தச் சில வருஷங்களில் அதன் விதியாயிற்று.

இது ஒரு தனி உதாரணமல்ல. அமெரிக்கக் கீழ்க்கரையிலும் மெக்ஸிகோ வளைகுடாக் கரையிலும் கிடைத்த கிரெட்டேஷியஸ் சங்கு சிப்பிகளை டேவிட் ஜாப்லோன்ஸ்கி 1986இல் கணக்கெடுத்தார். சாதாரணக் காலங்களில் ஒரு இனத்தை நீடிக்க வைப்பவை சில: மிதந்து பரவும் குஞ்சுகள், பரந்த வாழ்விடம், குடும்பத்தில் பல இனங்கள் இருத்தல். பேரழிவின்போது இவற்றில் ஒன்றுக்கும் மதிப்பில்லாமல் போயிற்று. ஒரு பேரினம் மொத்தமாக எவ்வளவு பரப்பில் சிதறியிருந்தது என்பது மட்டுமே செல்லுபடியாகியது. இனங்கள் அழிவது ‘கெட்ட மரபணுவாலா, கெட்ட அதிர்ஷ்டத்தாலா’ என்ற கேள்வியையே தன் 1991ஆம் வருஷத்துப் புத்தகத்தின் துணைத் தலைப்பாக வைத்தவர் டேவிட் ராப். 1982இல் ஜாக் செப்கோஸ்கியோடு சேர்ந்து ஐந்து பேரழிவுகளைப் புள்ளிவிவரத்தில் தனித்துக் காட்டியவரும் அவரே. அவரது சாய்வு அதிர்ஷ்டத்தின் பக்கம். நான் அதைச் சற்று மாற்றிச் சொல்வேன். குருட்டுச் சீட்டுக் குலுக்கல் அல்ல அது. விதிகள் இருந்தன, ஆனால் அவை ஆட்டத்தின் நடுவில் மாற்றப்பட்டன, முன்னறிவிப்பு இல்லாமல். சல்லடையின் கண்கள் ஒரே இரவில் வேறு வடிவம் எடுத்துவிட்டன. அந்தப் புதிய கண்களுக்கு ஏற்பத் தன்னைத் தயாரித்துக்கொள்ள எந்த ஜீவனாலும் முடிந்திருக்காது.

விண்கல்லின் கதை இவ்வளவு பிரபலமானதற்கு அதன் சாட்சியங்களின் வலு மட்டும் காரணமல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றவாளி வெளியிலிருந்து வந்தான் என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. மற்ற நான்கு பேரழிவுகளையும் பாருங்கள். 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆர்டோவிஷிய முடிவில், இன்றைய சஹாரா தென்துருவத்துக்கு அருகில் இருந்தது. அதன்மேல் பனி வளர்ந்தது. கடல் மட்டம் இறங்கியது. 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன் டெவோனிய யுகத்தின் பிற்பகுதியில் கடல் பிராணவாயு இழந்து, கரிய சேறு படிந்தது. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் டிரையாஸிக் முடிவில், அட்லாண்டிக் சமுத்திரம் பிளக்கத் தொடங்கிய வெடிப்புகளில் எரிமலைக் குழம்பு பெருகியது. அப்போது நிலத்தில் பலவிதமாகச் செழித்திருந்தவை முதலையின் உறவுகள். அவற்றில் பெரும்பாலானவை போக, ஓரமாக இருந்த டைனோசர்களுக்கு ராஜ்யம் கிடைத்தது. அவை பெற்றதும் பின்னால் இழந்ததும் ஒரே விதமான நீதியால்தான். நமது சொந்தத் தக்காணமும் இந்தக் கூண்டில் நிற்க வேண்டியதுதான். படிப்படியாக இறங்கும் மேற்குத் தொடர்ச்சி மலைகளின் கரும்பாறை, இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. பரந்து கிடக்கும் அந்த எரிமலைக் குழம்பு, விண்கல் விழுந்த அதே காலகட்டத்தில் பெருகிக்கொண்டிருந்தது. கெர்டா கெல்லர் கொலையாளி இதுவே என்று பல ஆண்டுகள் வாதாடியவர். 2019இல் இரண்டு குழுக்கள் இந்தப் பாறைகளுக்கு வயது நிர்ணயித்து, எரிமலைக்கு எவ்வளவு பங்கு என்பதில் வெவ்வேறு முடிவுக்கு வந்தன. பெரும்பாலோர் இன்று முதல் பழியைக் கல்லின்மேல் போடுகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரியதற்கு வானத்தைக் கைகாட்ட வழியில்லை. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மிய யுகத்தின் முடிவில், கடல் இனங்களில் 80 சதவீதத்துக்கு மேல், சில கணக்குகளின்படி 90க்கும் மேல், மறைந்தன. 27 கோடி ஆண்டுகள் கடலடியில் ஊர்ந்த டிரைலோபைட்டுகளின் கடைசிச் சந்ததியும் அப்போது போயிற்று. சீனாவில் மெய்ஷான் என்ற இடத்துப் பாறைகளை வைத்து, அழிவின் உச்சம் சுமார் 60,000 ஆண்டுகளுக்குள் முடிந்தது என்று 2014இல் கணித்தார்கள். சைபீரியாவில் எரிமலைக் குழம்பு எழுந்தது. எழுந்த வழியில் அது துங்குஸ்கா படுகையின் நிலக்கரியையும் உப்புப் பாறைகளையும் துளைத்துச் சுட்டது. எரிந்த நிலக்கரியின் சாம்பல் துகள்கள் கனடாவின் வடகோடிப் பாறைகளில் கிடைத்திருக்கின்றன. கரியமில வாயு காற்றை நிரப்பியது. கடலின் மேல்நீர் சுமார் 10 டிகிரி சூடேறியது. சூடான நீரில் பிராணவாயு தங்கவில்லை. சுமார் ஒரு கோடி ஆண்டுகள் உலகில் எங்கும் நிலக்கரி உண்டாகவில்லை. நிலக்கரி ஆவதற்குச் சதுப்புக் காடுகள் இல்லை.

ராணிகஞ்சில் இந்த வரலாற்றை ஒரே இடத்தில் வாசிக்கலாம். கீழே கரி. பெர்மிய யுகத்தின் குளோஸாப்டெரிஸ் காடுகள் மக்கி ஆன கரி. அதற்கு மேலே பஞ்சேத் அடுக்கு. அதில் கரி இல்லை. அதில் கிடைக்கும் எலும்புகள் லிஸ்ட்ரோஸாரஸ் என்ற, பன்றி உருவில் தந்தம் வைத்த ஒரு மிருகத்தினுடையவை. உலகம் காலியான பிறகு தென் ஆப்பிரிக்காவிலிருந்து அண்டார்டிகா வரை அதுதான் மேய்ந்துகொண்டிருந்தது. காலம் தேர்ந்தெடுத்த மகோன்னதம் இது. எஞ்சியவற்றிலும் எல்லாமே வாழ்ந்துவிடவில்லை. பேரழிவைத் தாண்டி வந்து, மீண்டும் தலையெடுக்காமல், சிறிது காலத்தில் மங்கிப்போன வம்சங்கள் பல. ஜாப்லோன்ஸ்கி அவற்றை நடமாடும் பிணங்கள் என்ற பொருளில் குறிப்பிட்டார்.

காலம் தீர்ப்பு வழங்குவதில்லை. அது சம்பவிக்கிறது, அவ்வளவுதான். ஏட்டுச்சுவடிகளின் கதையும் இதுவே. ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. யாராவது உட்கார்ந்து திரும்ப எழுதினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எழுதியவன் கையில் விளக்கும் பசியில்லாத வயிறும் இருந்ததா, அந்த வீட்டில் கரையான் வந்ததா, அடுத்த தலைமுறை அந்தச் சமயத்தை விட்டு வேறு சமயத்துக்குப் போயிற்றா என்பவையே சல்லடையின் கண்கள். செய்யுளின் தரம் அந்தக் கண்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். அது ஒன்றேயாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே எஞ்சியதை வைத்து இழந்ததை எடைபோடவும் முடியாது, இழந்ததை வைத்து எஞ்சியதைக் குறைக்கவும் முடியாது. மதிப்பீடு என்ற வேலை உயிரோடு இருப்பவன் தன் காலத்தில், தன் பெயரில், தன் பொறுப்பில் செய்ய வேண்டியது. அதைக் காலத்தின் தலையில் கட்டுவது பணிவு அல்ல, தட்டிக்கழிப்பு. 200 பிரதிகள் அச்சிட்டு 50 பேர் படிக்கும் பத்திரிகைகளுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். நாம் நல்லதென்று நம்பும் ஒரு கவிதையைப் பேசாமல் விட்டால் அதைப் பேச வேறு யாரும் வரப்போவதில்லை.

ராணிகஞ்சின் கரியும் ஜரியாவின் கரியும் இந்த உபகண்டத்து ஆலைகளையும் ரயில்களையும் ஓட்டின. அந்தப் பெர்மியக் கரியின் வகையே இன்றும் நம் மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தருகிறது. துங்குஸ்காவில் எரிமலைக் குழம்பு செய்ததை, கரியைக் காற்றாக்கும் அதே வேலையை, நாம் உலைகளில் செய்துகொண்டிருக்கிறோம். வருஷத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் நம் வேகம் அதைவிட அதிகம் என்கின்றன கணிப்புகள். இன்றைய ஜீவ இழப்பு அந்த ஐந்தின் அளவை எட்டிவிடவில்லை. அது முக்கால் பங்கு இனங்கள் போன கணக்கு. எட்டுவதற்கு வெகு முன்பாகவே நிறுத்தவும் கூடும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த கல்லுக்குத் தான் எதை அழிக்கிறோம் என்பது தெரியாது. சைபீரியக் குழம்புக்கும் தெரியாது. இந்த முறை சல்லடையின் கண்களை மாற்றுகிறவர்களுக்குத் தெரியும். அம்மோனைட் எப்படிப் போயிற்று என்பதைத் தேடிக் கண்டுபிடித்து எழுதி வைத்தவர்களும் அவர்களே.